அடர்தீவனத்தைக் கூட்டியபின் சாணம் இளகி, பாலில் கொழுப்பு குறைந்துவிட்டது: என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். என்னிடம் ஆறு கறவை மாடுகள் உள்ளன. அவற்றுள் இரண்டு கன்று ஈன்று 40 நாள்கள் ஆகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 450 கிலோ எடை இருக்கும், நாளொன்றுக்கு 16 லிட்டர் அளவில் கறந்துகொண்டிருந்தன. பசுந்தீவனம் குறைந்துபோனதால், பால் இறங்கிவிடக் கூடாது என்று எண்ணி, 6 கிலோவாக இருந்த அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்கு, தவிடு போன்றவை கலந்த தீவனம்) நான்கே நாள்களில் 10 கிலோவாக உயர்த்தினேன். கூட்டிய 4 கிலோவும் மாவாக அரைத்த மக்காச்சோளம்தான். வைக்கோலையும் மிச்சம் வைக்காமல் தின்னட்டும் என்று இயந்திரத்தில் மிகப் பொடியாக வெட்டிப் போடுகிறேன்.

முதல் மூன்று நாள்கள் பால் ஒரு லிட்டர் கூடியது. ஐந்தாம் நாள் முதல் சாணம் இளகி, சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில், மேலே சிறு குமிழிகளுடன் விழுகிறது. பாலின் கொழுப்பு 4.1 சதவீதத்திலிருந்து 3.1 சதவீதமாக இறங்கிவிட்டது. குடற்புழுவாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்தேன், மாற்றம் எதுவும் இல்லை. நேற்று ஒரு மாடு காலைத் தீவனத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டது. அடர்தீவனத்தை அடியோடு நிறுத்திவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் பதில்

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடன், இரைப்பையில் அமிலம் மிகுந்துவிடும் அமிலநோய்தான் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் முடிவுக்கு வருமுன் மூன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

மாடுகள் படுத்து ஓய்வெடுக்கும் வேளையில் எத்தனை மாடுகள் அசைபோடுகின்றன என்று எண்ணுங்கள். பாதிக்கும் குறைவாக இருந்தால் தீவனத்தில் நீள நார் போதவில்லை என்று கொள்ளலாம். அடுத்து, நோயுற்ற மாட்டின் தொண்டையிலிருந்து ஒரு கவளம் மேலெழுந்து வாய்க்கு வந்தபின், அதை விழுங்கும்வரை எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ணுங்கள். 50 முதல் 70 வரை இருப்பது நலம். மூன்றாவதாக, ஒரு பிடி சாணத்தை மெல்லிய சல்லடையில் இட்டுத் தண்ணீர் தெளியும்வரை அலசி, எஞ்சுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்

மூன்றையும் செய்தேன். ஆறு மாடுகளில் படுத்திருந்தவை ஐந்து. அசைபோட்டது இரண்டு மட்டுமே. தீவனத்தைப் பாதியில் விட்ட மாடு ஒரு கவளத்தை 38 முறை மென்றதும் விழுங்கிவிட்டது, அடுத்த கவளம் வர நெடுநேரம் ஆயிற்று.

சல்லடையில் கண்டது எனக்கு வியப்பாக இருந்தது. மாவாக அரைத்ததாக நான் நினைத்த மக்காச்சோளத்தின் மஞ்சள் துணுக்குகள் நிறைய இருந்தன. விரல் நக அளவுக்கு வைக்கோல் துண்டுகள் செரிக்காமல் அப்படியே கிடந்தன. அவற்றோடு வழவழப்பான, வெண்மையான சவ்வு ஒன்றும் இரண்டு அங்குல நீளத்துக்கு உரித்த தோல்போல வந்தது. இது புழுவா?

இரண்டாம் பதில்

அது புழு அன்று. பெருங்குடலின் உட்சுவர் புண்படும்போது, தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் கோழையும் புரதமும் சேர்ந்து உறைந்த உறை அது. நான் கால்நடை மருத்துவத்தில் பல ஆண்டுகளாக இருப்பவன். ஓரளவு விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் காரணம் புரிந்தால்தான் இனி தீவனத்தை மாற்றும்போதெல்லாம் கை தானாக நிதானிக்கும்.

நாம் தொட்டியில் போடும் தீவனத்தை முதலில் உண்பது மாடு அன்று, அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள். நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் அந்தப் பையின் ஒரு மில்லி நீரில் ஆயிரம் கோடி அளவில் பாக்டீரியாக்களும், லட்சக்கணக்கில் ஒருசெல் உயிரிகளும், இவற்றோடு பூஞ்சைகளும் உள்ளன. இவை நாரையும் மாவுச்சத்தையும் நொதிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் ஆகிய கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த அமிலங்களிலிருந்தே வருகிறது. அதற்குமேல், பெருகிய நுண்ணுயிர்களே பின்னர் நான்காம் வயிற்றிலும் சிறுகுடலிலும் செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன.

நார் உண்ணும் பாக்டீரியாக்கள் மெதுவாக வேலை செய்பவை; பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) 6-க்குக் கீழே இறங்கினால் அவற்றின் வேலை நின்றுவிடும். மாவுச்சத்தை உண்பவையோ மிக வேகமாகப் பெருகுபவை, அமிலத்தையும் தாங்குபவை. நான்கே நாள்களில் 4 கிலோ சோள மாவு கூடியபோது இரண்டாம் கூட்டத்தார் கிடுகிடுவெனப் பெருகிவிட்டார்கள். அவர்களுள் சிலர் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறார்கள். இது மற்ற அமிலங்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வலிமையானது. லாக்டிக் அமிலத்தை உண்டு வாழும் பாக்டீரியாக்களும் உண்டு, ஆனால் அவை போதிய எண்ணிக்கைக்குப் பெருக இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும். நீங்கள் அந்த அவகாசத்தைத் தரவில்லை. மக்காச்சோளம் கெட்ட தீவனம் அன்று. இங்கே பிழை மாற்றத்தின் வேகத்தில் இருக்கிறது.

பொடியாக வெட்டிய வைக்கோல் இன்னொரு பக்கமிருந்து கேடு செய்தது. மாட்டின் உமிழ்நீரில் சோடியம் பைகார்பனேட் உண்டு. நன்றாக அசைபோடும் மாடு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கும். அமிலத்தைத் தணிப்பதே அதன் பெரும்பணி. நார் நீளமாக இருந்தால்தான் இரைப்பைச் சுவர் உறுத்தப்பட்டு அசைபோடும் தூண்டல் எழும். 38 மெல்லலில் நின்ற கவளம் இதைத்தான் காட்டுகிறது.

முதல் மூன்று நாள்கள் பால் கூடியதற்கும், பிறகு கொழுப்பு இறங்கியதற்கும் மூலம் ஒன்றே. மாவுச்சத்திலிருந்து மிகுதியாக வரும் புரோப்பியானிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோசாகி, மடியில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையாகி, பாலின் அளவை உயர்த்தும். நாரிலிருந்து வரும் அசிட்டிக் அமிலமோ பாலின் கொழுப்புக்கு மூலப்பொருள், அது குறைந்தது. அமிலம் மிகுந்த இரைப்பையில் தீவனக் கொழுப்பு மாற்றமடையும் வழியும் திரிந்து, மடியில் கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் சில கொழுப்பு அமிலங்கள் தோன்றுகின்றன. கொழுப்பு ஒரு சதவீதம் இறங்கியதில் இவற்றின் பங்கே பெரிது. முதல் இரைப்பையில் நொதிக்காமல் நழுவிய மாவு பெருங்குடலில் நொதிப்பதால்தான் சாணத்தில் குமிழி.

அடர்தீவனத்தை அடியோடு நிறுத்தாதீர்கள். ஈன்று 40 நாள்களே ஆன மாட்டுக்கு ஆற்றல் திடீரென அற்றுப்போனால், உடல் கொழுப்பு மிகையாகக் கரைவதால் உண்டாகும் கீட்டோசிஸ் நோய் வரக்கூடும். பழைய 6 கிலோவுக்கு இன்றே இறக்கி, அதை நான்கு வேளையாக, வேளைக்கு ஒன்றரைக் கிலோவாகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு வேளையும் வைக்கோல் முதலில், அடர்தீவனம் பிறகு. சோளத்தை மாவாக்காமல் உடைத்து மட்டும் போடுங்கள். சோடியம் பைகார்பனேட் நாளொன்றுக்கு 150 கிராம், இரு வேளையாகத் தீவனத்தில் கலக்கலாம். ஆனால் நீள நாருக்கு அது மாற்றாகாது. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். அடர்தீவனத்தைக் கரைத்துக் குடிக்கவைக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மெல்லாமல் இறங்கும் தீவனத்துடன் உமிழ்நீர் சேராது.

தீவனத்தைப் பாதியில் விட்ட மாட்டை மட்டும் மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள். கண் குழிவிழுதல், வயிறு அசைவற்றுக் கிடத்தல், தள்ளாட்டம், தீவனத்தை முற்றிலும் மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் சில மணி நேரத் தாமதம்கூட உயிருக்கு ஆபத்தாகும். மருத்துவர் சொல்லாமல் வாய்வழியாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எதையும் கொடுக்காதீர்கள். எஞ்சியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களும் அழிந்துவிடும். புழு மருந்தையும் இனிச் சாணப் பரிசோதனைக்குப் பிறகே கொடுங்கள்.

மூன்றாம் பதில்

மேலே சொன்னவை அனைத்தும் சரி. மாடு வளர்ப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நீள வைக்கோல் வேண்டும் என்றவுடன் வெட்டாமலே போட்டுவிடாதீர்கள். நானும் அப்படிச் செய்தேன்; மாடுகள் மூக்கால் வைக்கோலை ஒதுக்கிவிட்டு அடியில் தங்கிய சோளத்தை மட்டும் பொறுக்கித் தின்றதால் நிலைமை மோசமானதுதான் மிச்சம். 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டி, அடர்தீவனத்தோடு கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்துப் போட்டால் பிரித்தெடுக்க இயலாது. தொட்டியில் மிஞ்சுவதைக் கவனித்துவாருங்கள்: மிச்சம் முழுவதும் நீளத் தட்டாகவே இருந்தால் மாடு பொறுக்குகிறது என்று அறியலாம்.

சோளத்தில் பூஞ்சணம் இருக்கிறதா என்றும் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை நஞ்சும் தீவனம் மறுப்பதற்கும் கழிச்சலுக்கும் காரணமாகும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள்கள் கழித்து எழுதுகிறேன். மருத்துவர் அன்று மாலையே வந்து, குழாய் விட்டு முதல் இரைப்பையின் நீரை எடுத்துப் பார்த்தார். நல்ல இரைப்பை நீர் பச்சை கலந்த பழுப்பாக, காரமான மணத்துடன் இருக்கும் என்றார். எங்கள் மாட்டினுடையது பால் கலந்த சாம்பல் நிறத்தில் புளித்த வாடை வீசியது. பி.எச். 5.6 இருந்தது. குழாய்வழி எடுக்கும்போது உமிழ்நீர் கலப்பதால் உண்மை அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று விளக்கினார். மருந்துடன், நலமாக இருந்த இன்னொரு மாட்டின் இரைப்பையிலிருந்து 8 லிட்டர் நீரை வடித்து, சூடு ஆறுமுன் இந்த மாட்டுக்குச் செலுத்தினார். மறுநாள் காலை அது அசைபோட்டதைக் கண்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சோளத்தில் பூஞ்சணம் இல்லை. இப்போது சாணம் கெட்டியாக, அடுக்கடுக்காக விழுகிறது. சல்லடையில் சவ்வு வருவதில்லை. கொழுப்பு 3.7 சதவீதம் ஆகியுள்ளது. பால் 15 லிட்டரில் நிற்கிறது. இனி அடர்தீவனத்தை மெல்லக் கூட்டலாமா?

இரண்டாம் பதில் எழுதியவர்

மிக்க மகிழ்ச்சி. கூட்டலாம், ஆனால் கொழுப்பு 4-ஐத் தொடும்வரை பொறுங்கள். அதன்பின் மூன்று நாள்களுக்கு ஒருமுறை கால் கிலோ என்ற கணக்கில் சென்று, 8 கிலோவில் நிறுத்திவிடுங்கள். 450 கிலோ எடையுள்ள மாடு நாளொன்றுக்கு 14, 15 கிலோ உலர்பொருள் (ஈரம் நீக்கிய தீவன எடை) உண்ணும். அதில் பாதியாவது நார்த்தீவனமாக இருந்தால் அச்சமில்லை. நீங்கள் கொடுத்த 10 கிலோ அடர்தீவனம் அந்த உலர்பொருளில் ஏறத்தாழ 60 சதவீதத்தை எட்டிவிட்டது.

நுண்ணுயிர்கள் மூன்று வாரத்தில் பழகிவிட்டாலும், அமிலங்களை உறிஞ்சும் இரைப்பைச் சுவரின் விரல்போன்ற சிறு குருத்துகள் நீண்டு வளர 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அடுத்த ஈற்றில் இதை முன்கூட்டியே தொடங்குங்கள்: ஈனுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே அடர்தீவனத்தைச் சிறிதளவில் தொடங்கிவிட்டால், ஈன்றபின் கூட்டும்போது குருத்துகள் ஆயத்தமாக இருக்கும்.

இளம் பசுந்தீவனம் மீண்டும் கிடைக்கும்போதும் முதல் நாளே வயிறு நிறையப் போடாமல் பத்து நாள்களில் படிப்படியாக மாற்றுங்கள். அதிலும் விரைவில் நொதிக்கும் சர்க்கரை மிகுதி, நீள நார் குறைவு. இரண்டு மாடுகளின் குளம்புகளையும் அடுத்த இரண்டு மூன்று மாதங்கள் கவனித்துவாருங்கள். அமிலநோய் கண்ட மாட்டுக்குக் குளம்பின் அடியில் இரத்தக்கட்டு வாரங்கள் பல கழித்தே வெளித்தெரியும். நடையில் சிறு நொண்டல், முதுகு வளைந்து நிற்றல் ஆகியவை தென்பட்டால் குளம்பைச் சீவிப் பார்க்கச் சொல்லுங்கள்.