மின்சார கார் வாங்கியவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு டாடாவின் மின்சார கார் டியாகோ இவி எடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு. கோவையில் இருக்கிறோம். மின்சார கார் வாங்கியவர்கள் உண்மையில் எதற்காக வாங்கினீர்கள்?

எனக்குக் காரணம் செலவுதான், சுற்றுச்சூழல் எல்லாம் அப்புறம். பெரிய பேட்டரி 24 யூனிட் பிடிக்கும். யூனிட் 10 ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் முழு சார்ஜ் 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதில் 180 கிலோமீட்டர் ஓடினால்கூடப் போதும். லிட்டருக்கு 15 கொடுக்கும் என் கார் அதே தூரத்துக்கு 12 லிட்டர் குடிக்கிறது, கிட்டத்தட்ட 1,200 ரூபாய். இன்ஜின் ஆயில் மாற்றும் வேலையும் இல்லை. ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான்.

தயக்கம் வேறு இடத்தில். இருப்பது அடுக்குமாடி. பார்க்கிங்கில் 15 ஆம்பியர் பிளக் வைக்கலாமா என்று சங்கத்தில் கேட்டால், "தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்கிறார்கள். (பக்கத்திலேயே பெட்ரோல் டேங்கோடு முப்பது வண்டி நிற்கிறது, அது பரவாயில்லையாம்.) இதைச் சமாளித்தவர்கள் என்ன செய்தீர்கள்? தனி மீட்டர் வாங்கினீர்களா, வீட்டு மீட்டரிலிருந்தே ஒயர் இழுத்தீர்களா?

நாலைந்து வருடம் ஓட்டியவர்கள் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) எவ்வளவு குறைந்தது என்றும் சொல்லுங்கள். ஊட்டி போய் வந்தவர்கள் இருந்தால், ஏற்றத்தில் பேட்டரி சார்ஜ் எத்தனை சதவீதம் போனது, இறக்கத்தில் எவ்வளவு திரும்ப ஏறியது? ஷோரூம் கணக்கு வேண்டாம், உங்கள் கணக்கு போதும்.