வுப்பர்டாலில் முழங்கால் வலிக்காரரை எங்கே அழைத்துப் போவது?

கார்த்திகா_எல்பர்ஃபெல்ட்:

எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் என் மாமனாரும் மாமியாரும் அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறார்கள். மூன்று வாரம் இருப்பார்கள். கொலோன் தேவாலயம், ரைன் படகு எல்லாம் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். மீதி நாட்களில் இங்கே ஜெர்மனியில் எங்கள் ஊரான வுப்பர்டாலையே சுற்றிக்காட்டலாம் என்று நினைக்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், அத்தைக்கு முழங்கால் தேய்மானம். சமதளத்தில் மெதுவாக ஒரு மணி நேரம் நடப்பார். படியைக் கண்டால் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் குடியிருப்பதோ ஓல்பெர்க் மேட்டில். பால் வாங்கப் போனாலே படி. மாமா நேர்மாறு. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தொழிற்சங்கத்தில் ஊறியவர். காலையில் ஒரு நீண்ட நடை போகாவிட்டால் அன்று வீட்டில் எல்லோருக்கும் திட்டு விழும். கூடவே என் ஏழு வயதுப் பையன். கார் கிடையாது, எல்லோருக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்குச் செல்லும் மாதச் சீட்டு) எடுத்துவிடுவோம்.

யாரைக் கேட்டாலும் "ஷ்வேபபான்ல ஏத்திவிடு" என்கிறார்கள், அதாவது இந்த ஊர்த் தொங்கு ரயிலில். அது அரை மணி நேரம். அப்புறம்?

பார்மன்வாசி:

தங்கச்சி, நான் எண்பதுகளில் வந்து இந்தப் பள்ளத்தாக்கிலேயே நின்றுவிட்டவன். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் சுகம்: இந்த ஊரில் சமதளம் என்று இருப்பது ஒன்றில் ஆறு போட்டது, இல்லாவிட்டால் ரயில்காரன் போட்டது. இரண்டையும் விட்டு விலகினால் ஏற்றம்தான். மாமிக்கு அந்தச் சமதளங்களைக் கொடுங்கள். மாமாவைக் காட்டுக்குள் விடுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு எல்லோரும் ஓரிடத்தில் சேருங்கள். நாலு பேரையும் ஒரே பாதையில் நடத்த வெளிக்கிட்டால் ஒருத்தருக்கும் நிம்மதி இராது.

முதலில் நோர்ட்பான்ட்ராசே. மிர்க்கே பழைய ரயில் நிலையம் உங்களுக்குக் கிட்டத்தானே இருக்கிறது. அங்கே கோப்பி குடித்துவிட்டுத் தொடங்கலாம். 1879இல் திறந்த ரயில்பாதை அது. ரயில் நின்றபிறகு பற்றை மூடிக் கிடந்தது. ஊர்ச்சனம் சங்கம் அமைத்து, காசு சேர்த்து, அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி, தண்டவாளம் கிடந்த இடத்தைச் சைக்கிளுக்கும் நடைக்கும் உரிய பாதையாக்கினார்கள். 2014 கடைசியில் திறந்தார்கள். நீளம் இருபது கிலோமீட்டருக்கு மேல். ரயில் இழுத்துக்கொண்டு ஏறவேண்டிய தடம் என்பதால் சரிவு இருப்பதே காலுக்குத் தெரியாது. சுரங்கம் வரும், உயரமான கற்பாலங்கள் வரும், கீழே ஊர் முழுக்கக் கிடக்கும். அந்தக் காட்சி மாமிக்கு ஒரு படிகூட ஏறாமல் கிடைக்கும். சுரங்கத்துக்குள் மே மாதத்திலும் குளிரும், ஒரு சால்வை வைத்திருங்கள். சைக்கிள்காரர் நல்ல வேகத்தில் வருவார்கள். நடப்பவர்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், பொடியனை அந்தப் பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

லெகோ பாலம் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2011இல் ஒரு கொங்கிரீட் பாலத்துக்கு லெகோக் கட்டை மாதிரி வர்ணம் அடித்தார்கள். கனபேர் அதற்கு மேலாலேயே நடந்துபோய்விட்டு "எங்கே லெகோ?" என்று கேட்பார்கள். கீழே ஷ்வெஸ்டர் ஷ்ட்ராசேயில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். மாமியை மேலே வாங்கில் இருத்திவிட்டு மாமாவும் பேரனும் இறங்கிப் பார்த்துவிட்டு வரட்டும்.

ஷ்வேபபானை அரை மணி நேரம் என்று தள்ளிவிடாதீர்கள். அது காட்சிப்பொருள் இல்லை, எங்களுக்கு அதுதான் பஸ். பள்ளத்தாக்கு இவ்வளவு ஒடுக்கம், தரையில் இடம் இல்லை; அதனால் ஆற்றுக்கு மேலே தொங்கவிட்டார்கள். 1901இலிருந்து ஓடுகிறது. 13 கிலோமீட்டரில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வுப்பர் ஆற்றுக்கு மேலே. சொன்போர்னில் ஆற்றை விட்டுவிட்டு ஃபோவிங்கல் வரைக்கும் வீதிக்கு மேலே போகும். அந்தத் துண்டுதான் எனக்குப் பிடித்தது. மாடி ஜன்னல்களுக்குப் பக்கத்தால் போவீர்கள், யார் வீட்டில் என்ன சமையல் என்று மாமி சொல்லிவிடுவார். ஓட்டுநர் முன்னுக்கு மட்டும் இருப்பதால் கடைசி வாங்குக்குப் பின்னால் முழுக் கண்ணாடி. ஓபர்பார்மனில், புறப்படும் இடத்திலேயே ஏறி அதைப் பிடியுங்கள். சனி, ஞாயிறு மதியத்தில் கிடைக்காது.

மாமாவை அட்லர்புரூக்கே நிலையத்தில் இறக்குங்கள். மார்க்ஸின் தோழர் ஃபிரெட்ரிக் ஏங்கெல்ஸ் 1820இல் பிறந்தது இந்த ஊரின் பகுதியான பார்மனில், பஞ்சாலை முதலாளியின் மகனாக. அந்தக் குடும்பத்தின் வீடு ஒன்று இப்போது அருங்காட்சியகம், நிலையத்துக்குக் கிட்ட. பக்கத்துப் பூங்காவில் சீனா 2014இல் கொடுத்த வெண்கலச் சிலை, ஆளைப்போல இரண்டு மடங்கு உயரம். எல்லாம் ஆற்றங்கரைச் சமதளம், ஆகவே மாமியும் வரலாம். மாமாவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். இந்த ஊர் நூலால் வந்த ஊர். 1527இலேயே பார்மனுக்கும் எல்பர்ஃபெல்டுக்கும் நூல் வெளுக்கும் தனியுரிமை கிடைத்தது. மேற்கிலிருந்து வரும் மேகத்தை இந்த மலைகள் மறிப்பதால் மழைக்கும் ஓடைத் தண்ணீருக்கும் குறைவில்லை, வெளுக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? பிறகு சாயம் வந்தது. பாயர் கம்பெனி 1863இல் பார்மனில் சாயப் பட்டறையாகத்தான் தொடங்கியது. நாம் திட்டுகிற இந்த மழைதான் எல்லாவற்றுக்கும் முதல் போட்டது.

பொடியனுக்கு யானைக் கதை. 1950 ஜூலையில் சர்க்கஸ்காரர் விளம்பரத்துக்காக டுஃபி என்ற குட்டி யானையை ஷ்வேபபானில் ஏற்றினார்கள். அது மிரண்டு, பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் விழுந்தது. சிறு காயத்தோடு தப்பிவிட்டது. ஆல்டர் மார்க்ட்டுக்கும் அட்லர்புரூக்கேக்கும் இடையில் சுவரில் யானை வரைந்திருக்கும், ஜன்னல் பக்கம் இருத்துங்கள்.

மாமாவின் காலை நடைக்கு பார்மர் அன்லாகன். 1864இல் ஊரவர் சங்கம் ஒன்று தொடங்கி வளர்த்த காட்டுப் பூங்கா, இன்றைக்கும் சங்கத்தின் சொத்துத்தான். கீழே புல்வெளியும் குளமும், மேலே போகப்போகப் பெரிய மரங்கள், உச்சியில் டோல்லெ கோபுரம். அவர் நடந்து ஏறட்டும், நீங்கள் பஸ்ஸில் போய் மேலே நில்லுங்கள். வால்ட்ஃப்ரீடன் சிற்பப் பூங்கா மாமிக்கு வேண்டாம், சரிவு.

மழைமகள்:

அண்ணா சொன்னதெல்லாம் சரி, கடைசி வரியைத் தவிர. வால்ட்ஃப்ரீடனுக்கு என் அம்மாவை ஊன்றுகோலோடு அழைத்துப் போயிருக்கிறேன். பார்மனிலிருந்து நடந்து ஏறினால்தான் வதை. டாக்ஸி பிடித்து வாசலில் இறங்குங்கள், இந்த ஒரு செலவுக்கு யோசிக்காதீர்கள். டோனி கிராக் என்ற சிற்பி 2008இல் திறந்த இடம். லிவர்பூலில் பிறந்தவர், 1977இலிருந்து வுப்பர்டால்காரர். பாதி உருகியதுபோல முறுகி நிற்கும் தூண்கள் காட்டுக்குள் மரங்களோடு மரமாக நிற்கும். அத்தை வாசல் பக்கத்துக் கஃபேயில் உட்கார்ந்து, அருகில் இருப்பதை மட்டும் பார்த்தாலே போதும். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க அதென்ன பரீட்சையா? திங்கட்கிழமை பூட்டியிருக்கும்.

மாறாக, மிருகக்காட்சி சாலைக்குத்தான் நான் அவரை அழைத்துப் போக மாட்டேன். மலைச்சரிவில் கட்டியது. பையன் புலி, சிங்கம் என்று மேலே ஓடுவான், அத்தை கீழே தனியாக நிற்பார்.

சோலிங்கன்_சரவணன்:

எஸ்7 ரயிலை விட்டுவிட்டீர்களே! வுப்பர்டாலிலிருந்து ரெம்ஷைட் வழியாக சோலிங்கன் வரும்போது ம்யூங்ஸ்டன் பாலத்தைக் கடக்கும். ஆற்றுக்கு மேல் 107 மீட்டர், ஜெர்மனியின் மிக உயரமான ரயில் பாலம், 1897. கடைசியாக அடித்த ஆணி தங்கம் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள், இதுவரை கண்டவர் இல்லை. அத்தைக்கு ரயிலில் உட்கார்ந்து பார்ப்பதே போதும். ஆனால் பாலத்தின் முழு அழகு கீழிருந்துதான். ஷாபெர்க்கில் இறங்கிக் காட்டுப்பாதை வழியாக மாமாவும் பையனும் போகட்டும், நல்ல இறக்கம். கீழே கம்பியில் தொங்கியபடி ஆற்றைக் கடக்கும் ஒரு சிறு படகு மாதிரியான வண்டி இருக்கிறது. கையால் நெம்பி ஓட்டுவது, பையன் விடமாட்டான். ஓடும் நாள், நேரம் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தப் பக்கம் வந்தால் பெர்கிஷ காஃபெடாஃபல் சாப்பிடாமல் போகாதீர்கள். வாஃபிள், சூடான செர்ரி, கிரீம், அப்புறம் இலவங்கப்பட்டை தூவிய பால்சோறு. அத்தைக்கு நம்மூர்ப் பாயசம் ஆறிப்போனதுபோல இருக்கும். கூட ரொட்டியோடு பன்றி இறைச்சியும் வரும், சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கார்த்திகா_எல்பர்ஃபெல்ட்:

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் போனில் ஏங்கெல்ஸ் வீடு என்றேன். விமான டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்ற முடியுமா என்று கேட்கிறார். அத்தைக்கு ஒரே கேள்விதான்: "மழை பெஞ்சா என்ன பண்றது?" காட்டில் உண்ணி கடிக்கும் என்று இவர் வேறு பயமுறுத்துகிறார்.

பார்மன்வாசி:

மழை பெய்யும். வுப்பர்டால் பிள்ளைகள் குடையோடு பிறக்கும் என்று இங்கே பகிடி சொல்வார்கள். தூறலுக்கு வீட்டில் இருந்தால் மூன்று வாரமும் வீட்டில்தான். நல்ல மழைக்கோட்டு எடுத்துக்கொடுங்கள், குடை காற்றுக்கு நிற்காது. கொட்டினால் எல்பர்ஃபெல்டில் ஃபொன் டெர் ஹைட் ஓவியக் கூடம் இருக்கிறது. இல்லாவிட்டால் ஷ்வேபபானில் அங்கும் இங்கும் போங்கள்; டிக்கெட் எடுத்தாயிற்று, நனையவும் மாட்டீர்கள்.

உண்ணிக்குப் பயந்து காட்டை விடவேண்டாம். பாதையிலேயே நடக்கச் சொல்லுங்கள், நீளக் காற்சட்டை, காற்சட்டை நுனியைச் சொக்ஸுக்குள் விட்டுவிடவேண்டும். வீட்டுக்கு வந்ததும் பொடியனுடைய முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். இருந்தால் உண்ணிக் கவ்வியால் தோலோடு ஒட்டிப் பிடித்து இழுத்துவிடுங்கள், எண்ணெய் பூசாதீர்கள். பிறகு அந்த இடம் வட்டமாகச் சிவந்து பரவினால் டாக்டர்.

நீங்கள் சொன்னதுதான் சரி தங்கச்சி மழைமகள், டாக்ஸி என்றால் வால்ட்ஃப்ரீடன் போகலாம். மற்றது, கிறிஸ்து விண்ணேற்ற வியாழக்கிழமை இங்கே ஆண்களுக்கு அப்பாமார் தினம். இழுவண்டியில் பியர்ப் பெட்டி ஏற்றிக்கொண்டு நோர்ட்பான்ட்ராசே முழுக்கப் பாட்டுத்தான். மாமாவுக்குப் பிடிக்கும். மாமியை அன்றைக்கு ஹார்ட் குன்றின் தாவரவியல் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள், உள்ளே போகக் காசு இல்லை.

ஹம்_அடியார்:

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 2002இல் குடமுழுக்கு கண்ட கோவில், கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். வுப்பர்டாலிலிருந்து ஹம்முக்கு நேர் ரயில் உண்டு, டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும். கோவில் ஊருக்கு வெளியே ஊன்ட்ராப்பில், அதனால் பஸ் நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள். தேர்த் திருவிழா நாள் அவர்கள் இருக்கும்போது வருகிறதா என்று கோவிலில் கேளுங்கள். அன்று கூட்டம் அதிகம், அத்தைக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டு வாருங்கள்.