என்டர் தட்டச் சொன்ன கேப்ட்சா: உங்களுக்கும் நடந்ததா?

வைரஸ் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்றே பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தது நம் கையாலேயே கதவைத் திறக்க வைக்கும் ரகம். பக்கத்து மேசைக்காரர், "சார், கேப்ட்சா என்ன புதுசா இருக்கு?" என்று கூப்பிட்டார். எழுத்துரு தேடிப் போன ஏதோ ஒரு தளம். 'நான் ரோபோ இல்லை' கட்டத்தை டிக் செய்ததும், விண்டோஸ் விசையோடு ஆர், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று வழி காட்டியது. நல்ல வேளை, என்டர் பாக்கி.

விண்டோஸ் விசையோடு ஆர் தட்டினால் திறக்கும், கட்டளைகளை இயக்கும் ரன் பெட்டியில் தெரிந்தது 'நான் ரோபோ இல்லை, சரிபார்ப்பு எண்' என்ற வாசகம் மட்டும். எடுத்து நோட்பேடில் ஒட்டினால், அதற்கு முன்னால் நீளமாக ஒரு பவர்ஷெல் (விண்டோஸைக் கட்டளைகளால் இயக்கும் கருவி) கட்டளை: திரையில் தெரியாமல் ஓடு, இன்ன முகவரியிலிருந்து கோப்பை இறக்கி இயக்கு. பெட்டி சின்னது என்பதால் வால் மட்டுமே கண்ணில் பட்டது. டிக் செய்த நொடியிலேயே அந்தக் கட்டளையைக் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது தங்கும் இடத்தில், வைத்துவிட்டார்கள். கேப்ட்சாவுக்கும் ரன் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?

மறுமொழி:
என் தம்பி அந்த என்டரைத் தட்டியேவிட்டான். திரையில் ஒன்றுமே நடக்கவில்லை, ஆண்டிவைரஸும் வாய் திறக்கவில்லை. மறுநாள் அவன் மின்னஞ்சலுக்குள் வேறு யாரோ! இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தும் எப்படி என்று குழம்பினோம். பிரவுசரில் இருந்த குக்கியை, அதாவது நாம் உள்நுழைந்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் சிறு குறிப்பை, திருடிவிட்டால், ஏற்கெனவே உள்நுழைந்த ஆளாகவே தளம் அவர்களை நடத்தும்; கடவுச்சொல்லும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

வேறொரு கணினியிலிருந்து எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றி, அப்புறம்தான் கடவுச்சொல்லை மாற்றினோம். வடிகட்டிகளைப் பார்த்தால், 'பாதுகாப்பு' என்ற சொல் வரும் கடிதமெல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஒரு விதி! எச்சரிக்கை வந்தும் அவன் பார்க்காதது அதனால்தான். விண்டோஸையும் அழித்துப் புதிதாகப் போட்டோம்.

மறுமொழி:
நான் பழைய ஆள், 2017 மே 12 அன்று பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரைதான் என் கதை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் 'பிறகு நினைவூட்டு' என்றே தள்ளிக்கொண்டிருந்தார்கள். மாட்டியே வைத்திருந்த பேக்கப் டிரைவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. கழற்றி அலமாரியில் போட்டிருந்த பழைய டிரைவ்தான் கணக்கு வழக்கை மீட்டது.

மறுமொழி:
முதல் பதிவு போட்டவன்தான். எங்கள் அலுவலகத்தில் இப்போது சாதாரணக் கணக்குகளுக்கு ரன் பெட்டியையே மறைத்துவிட்டார்கள். அட்மின் உரிமை இல்லாவிட்டால் போதுமே என்று சிலர் வாதாடினார்கள். போதாது. குக்கி இருப்பது உங்கள் கணக்கின் கோப்புறைக்குள்; அதைப் படிக்க உங்கள் உரிமையே தாராளம்.