பழைய குடும்பக் காருக்கு ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றியவர்கள் சொல்லுங்கள்: எது போட்டீர்கள், என்ன நடந்தது?

சாட்ஸ்வர்த் மருமகள்

தென்னாப்பிரிக்கா, டர்பன். ஆடி மாதம். கூழ்க் குண்டான் டிக்கியில். மாமனாரின் 2004 டொயோட்டா டாஸ் கார், 3,12,000 கிலோமீட்டர் ஓடியது. முன்கதை இவ்வளவு போதும்.

கோயிலுக்கு முந்தின தெருவில் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறினேன். முன்சக்கரம் இறங்கியது, பின்சக்கரமும் இறங்கியது. அதற்கப்புறமும் காரின் பின்பக்கம் மட்டும் ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை எழும்பி எழும்பி உட்கார்ந்தது. மூன்றாவதில் குண்டான் மூடி கழன்று உருண்ட சத்தம். மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஊத்திருச்சா?" என்று மட்டும் கேட்டார். அம்மனுக்குப் போக வேண்டிய கூழில் பாதி கார்ப்பெட்டில். வாசனை போக இரண்டு வாரம் ஆனது. அந்த "ஊத்திருச்சா" இன்னும் போகவில்லை.

என்னை அரிப்பது வேறு. அதற்குப் பத்து நாள் முன்னால்தான் ஒரு பட்டறையில் காட்டினேன். அவர் பானெட்டை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு "ஷாக் எல்லாம் நல்லா இருக்கு" என்றார். பின்பக்கம் போகவே இல்லை! கூழ் கொட்டிய பிறகு வேறு இடத்தில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், வலது பின் ஷாக் கம்பம் (ஸ்ட்ரட் என்கிறார்கள்) முழுக்கக் கறுப்பாக எண்ணெய் வழிந்து, அதில் தூசி ஒட்டி, களி பூசிய மாதிரி இருந்தது.

இப்போது ஒருவர் பின்பக்கம் இரண்டு போதும் என்கிறார், ஒருவர் நாலும் மாற்று என்கிறார். மாமனார், "இந்தக் காரே அவ்வளவு பெறாது" என்கிறார். உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

பைன்டவுன் வாசி

அக்கா, எனக்கும் கிட்டத்தட்ட இதே. ஹோண்டா ஜாஸ். பின்பக்கம் ஒன்று கசிந்தது. "மற்றது நல்லாத்தான் இருக்கு, ஒன்று போதும்" என்று கடையில் சொன்னார்கள். காசு மிச்சம் என்று நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

கழற்றிய பழையதைப் பையன் மேஜையில் நிறுத்தி வைத்தான். பக்கத்தில் புதியது. "அமுக்கிப் பாருங்க சார்." புதியது கையை எதிர்த்தது, விட்டதும் மெல்லத் தானாகவே எழுந்தது. பழையது சைக்கிள் பம்பு மாதிரி சர்ரென்று உள்ளே போய் அங்கேயே கிடந்தது. சும்மா இருக்காமல், அந்த 'நல்லா இருக்கிற' ஒன்றையும் கழற்றச் சொன்னேன். அதுவும் அப்படியே கிடந்தது. ஓரளவு பயமாக இருந்தது, ஏனென்றால் அதே காரில்தான் முந்தின வாரம் ஃபீல்ட்ஸ் ஹில் செங்குத்து இறக்கத்தில் குழந்தைகளோடு இறங்கினேன்.

ஜோடியாகத்தான் மாற்றணும். எழுந்து வராத ஷாக் செத்த ஷாக். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

லெனேசியா 9

எங்கள் கதையில் கசிவே கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து டர்பனுக்கு வருஷத்துக்கு மூன்று நாலு தடவை போவோம், என்3 நெடுஞ்சாலையில்தான். கொரொல்லா. எண்பதைத் தாண்டினால் உம்ம்ம் என்று ஒரு ஓசை. சக்கர பேரிங் என்றார்கள், மாற்றினேன். ஓசை போகவில்லை. மறுபக்க பேரிங் என்றார்கள், அதையும் மாற்றினேன். ஓசை அப்படியே. டர்பனிலிருந்து திரும்பும்போது வான் ரீனென் மலைப்பாதையில் மூடுபனியில், முன்னால் லாரி, பின்னால் லாரி, ஒவ்வொரு வளைவிலும் கார் படகு மாதிரி ஒருபக்கம் சாய்ந்து தாமதமாக நிமிர்ந்தது. மனைவி கதவுக் கைப்பிடியைப் பிடித்தவள் ஹாரிஸ்மித் வரை விடவில்லை.

ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போட நின்றபோது, அங்கே வேலை செய்த பெரியவர் ஒருவர் டயரைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து இழுத்தார். மேடு, பள்ளம், மேடு, பள்ளம். சுற்றிலும் அலை. ஷாக் சக்கரத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்காததால் அது தத்தித் தத்தி ஓடி ரப்பரை அப்படித் தின்றிருக்கிறது. இரண்டு பேரிங், நாலு டயர் எல்லாம் போன பிறகுதான் ஷாக். 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றணும் என்று உதிரிபாகக் கடையில் சொன்னார்கள். முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

பழைய கிரீஸ் கை

நான் இருபது வருஷம் பட்டறையில் இருந்தவன், இப்போது இல்லை. சில விஷயங்களைத் திருத்தியே ஆகவேண்டும்.

பைன்டவுன் தம்பி, எழுந்து வராத ஷாக் எல்லாம் செத்தது இல்லை. எழுவது கேஸ் ஷாக். உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் அழுத்தம்தான் தண்டை வெளியே தள்ளுகிறது. வெறும் எண்ணெய் ஷாக் பெட்டியிலிருந்து பிரித்த அன்றே எழாது. பார்க்க வேண்டியது, அமுக்கும்போதும் சரி, இழுக்கும்போதும் சரி, தொடக்கம் முதல் முடிவு வரை எதிர்ப்பு சீராக இருக்கிறதா, நடுவில் எங்காவது வழுக்குகிறதா என்பது. உன்னுடையது செத்ததுதான், ஆனால் நீ சொன்ன காரணத்தால் இல்லை.

லெனேசியா, 80,000 என்பது ஒரு உத்தேசக் கணக்கு, சாவுத் தேதி இல்லை. நல்ல ரோட்டிலேயே ஓடினால் அதற்கு மேலும் வரும். 2022 ஏப்ரல் டர்பன் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் குழிகளில் ஓடினால் பாதியிலேயே போகும்.

பானெட்டை அமுக்கிப் பார்ப்பது, முழுக்கச் செத்த ஷாக்கைத்தான் காட்டும். பாதி செத்தது அதில் தப்பித்துவிடும்.

அக்காவுக்கு வருகிறேன். டாஸில் நாலு மூலையும் ஸ்ட்ரட். அதாவது ஷாக், ஸ்பிரிங் எல்லாம் ஒரே கம்பத்தில். சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கணும் என்பதும் அந்தக் கம்பத்தின் கையில்தான். அதனால் மாற்றியதும் அலைன்மென்ட் கட்டாயம், இல்லாவிட்டால் புது ஷாக் பழைய டயரைத் தின்னும். ஜாஸ் பின்பக்கம் வேறு, அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி, வேலை சுலபம். பைன்டவுன் சொல்லும் செலவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கார் பின்னால் தாழ்ந்திருந்தால் அது ஸ்பிரிங் தளர்ந்ததால். ஷாக் காரைத் தூக்கிப் பிடிப்பதில்லை, ஆட்டத்தை அடக்குவதோடு சரி. இருபது வருஷக் காரில் ஸ்பிரிங் உயரத்தை அளந்து பாருங்கள். மேல் மவுன்ட் (ஸ்ட்ரட்டின் உச்சியைக் காரோடு இணைப்பது), தடுப்பு ரப்பர், தூசி உறை மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய மவுன்டில் புது ஸ்ட்ரட் போடுவது பழைய பல்லில் புது பிரஷ் மாதிரி, என்ன தேய்த்தாலும் ஆட்டம் போகாது. தண்டை இடுக்கியால் பிடிக்க விடாதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து சீக்கிரமே கசியும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, கார் தரையில் எடையோடு நிற்கும்போதுதான் இறுக்கணும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து கிழியும்.

எந்த பிராண்டு என்றால்: கேஒய்பி, மன்ரோ, கேப்ரியல் எதுவானாலும் குடும்பக் காருக்கு கேஸ் வைத்த சாதாரண ரகம் போதும். 'ஹெவி டியூட்டி', 'ஸ்போர்ட்' பக்கம் போகாதீர்கள். நான் என் பெரியம்மா காருக்கு அப்படி ஒன்று போட்டேன். மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அதுதான் என் அனுபவம்.

பைன்டவுன் வாசி

அண்ணே, அனுபவம் கடைசி இரண்டு வரியில்தான் வந்தது. :) சரி, எண்ணெய் ஷாக் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல்லும் பிரஷும் எனக்குப் புரியவே இல்லை.

வெருலம் டீச்சர்

மவுன்ட் பற்றி அவர் சொன்னது உண்மை. நான் பட்டேன்.

2023, ஸ்டேஜ் 6 மின்வெட்டு நடந்த சமயம். கார் லிஃப்டில் ஆளுயரத்தில் நிற்கிறது, நாலு சக்கரமும் கீழே. மின்சாரம் போனது. பட்டறைக்காரர் "ஜஸ்ட் நவ் வந்துவிடும்" என்றார். இந்த ஊர் 'ஜஸ்ட் நவ்' எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இருட்டில் தலைக்கு மேலே தொங்கும் என் காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் வந்ததும் அவசர அவசரமாக மாட்டிக் கொடுத்தார்கள்.

மறுநாள் பள்ளி வாசலில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், ஆட்டு உரல் மாதிரி கர்ர்ர்... டங். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பில்லில் புது மவுன்ட் இரண்டுக்குக் காசு வாங்கியிருந்தார்கள், உள்ளே இருந்தது பழையதுதான். கேட்டதற்கு, "கரண்ட் போன குழப்பத்தில் மாறிவிட்டது மேடம்." இருக்கலாம். ஆனால் அந்தப் புது மவுன்ட் பெட்டியை அவர் மேஜையில் நான் பார்த்தேன், பிரிக்காமலே இருந்தது. அன்றிலிருந்து கழற்றிய பழைய சாமானை எல்லாம் பையில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் வருகிறேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

பீனிக்ஸ் பேரன்

கடையே வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம் என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

மாமா, நான், முன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி பக்கத்து வீட்டில் இரவல், ஒரு கொக்கி கொஞ்சம் வளைந்திருந்தது. மாமா மேல் நட்டைக் கழற்றினார். "தள்ளி நில்லுடா" என்றார், ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. நான் ஒரு அடி நகர்ந்தேன். கொக்கி வழுக்கிய சத்தம் நினைவில்லை. ஸ்பிரிங் காரேஜ் கதவில் அடித்த சத்தம்தான் நினைவிருக்கிறது. நான் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், என் நெஞ்சு உயரத்தில், கதவுத் தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி.

மாமா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்தார். என் டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடியது. எட்டு வருஷம் ஆகிறது. கதவுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தார்கள், அந்தக் குழியை நிமிர்த்தவில்லை. அத்தைக்கு இன்னும் நாங்கள் சொன்ன கதை, பந்து பட்டது.

பழைய கிரீஸ் கை

தம்பி சொன்னது சரி. ஸ்பிரிங்கோடு முழுசாகக் கட்டி வரும் ஸ்ட்ரட் கிடைத்தால் இந்த ஆபத்து இல்லை, விலை கூடும். கிடைக்காவிட்டால் ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், அங்கே ஸ்பிரிங்கைப் புது ஸ்ட்ரட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்து வீட்டில் மாட்டலாம். இன்னொன்று, ஷாக் பெட்டி படுத்தபடியே கிடந்திருந்தால் மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை மெல்ல அமுக்கி இழுங்கள், உள்ளே புகுந்த காற்று...

லெனேசியா 9

அண்ணே, அக்கா கேட்டது இரண்டா நாலா என்று.

சாட்ஸ்வர்த் மருமகள்

எல்லாருக்கும் நன்றி. முன்பக்கத்தையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். கசிவு இல்லை, ஆனால் லெனேசியா சொன்னது ஞாபகம் வந்து முன் டயரில் கையை வைத்து இழுத்தேன். அலை இருந்தது. நாலும் மாற்றியாகிவிட்டது, சாதாரண கேஸ் ரகம், மவுன்ட் எல்லாம் புதிது. அலைன்மென்ட் செய்த காகிதம் டாஷ்போர்டில் இருக்கிறது. பழைய சாமான் பையில் வந்தது டீச்சர், வீட்டுப் பின்கட்டில் வைத்திருக்கிறேன்.

மாமனார் செலவைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. நேற்று அவரே சாவியை எடுத்துக்கொண்டு போய் அந்த வேகத்தடையில் மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு வந்தார். வந்து "ம்" என்றார்.

மாமியார் மட்டும், அடுத்த ஆடிக்குக் குண்டானை மடியில்தான் வைத்துக்கொள்வேன் என்கிறார்.