வெட்டிப் போட்ட கரும்பில் சர்க்கரை உடைகிறதே, செடியிலேயே இருக்கும் தடுப்புப் புரதம் என்ன செய்கிறது?

ஆலைவீட்டுப் பெண், கவுந்தப்பாடி:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குச் சொந்தமாக ஒரு கரும்பாலை இருக்கிறது. நான் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். போன மாசியில் கரும்பு வெட்டி இறக்கிய அன்றைக்கு ராத்திரியே மோட்டார் காயில் எரிந்துவிட்டது. சரிசெய்து அரவை தொடங்க நாலு நாள் ஆனது. கோ 86032 ரகக் கரும்பு, நல்ல முற்றல். மீட்டரில் பார்த்தால் பிரிக்ஸ், அதாவது சாற்றில் கரைந்திருப்பதன் அளவு, குறையவே இல்லை, கொஞ்சம் ஏறிக்கூட இருந்தது. ஆனால் பாகு எவ்வளவு காய்ந்தும் பதத்துக்கு வரவில்லை. தொட்டியில் ஊற்றித் தேய்த்தால் சர்க்கரை உதிராமல் பிசின் மாதிரி இழுத்தது. அப்பா ஒரு கை எடுத்து உருட்டிப் பார்த்தார், விரலிடுக்கில் ஒட்டியதைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இன்வெர்டேஸ் நொதி சுக்ரோஸை, அதாவது கரும்புச் சர்க்கரையை, குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிட்டது என்பது புரிகிறது. அந்த நொதியை அடக்கச் செடியே ஒரு புரதம் வைத்திருக்கிறதாம். அது என்ன வடிவம்? எப்படி அடக்குகிறது? அப்படி ஒரு பூட்டு இருந்தும் எங்கள் கரும்பில் ஏன் உடைந்தது?

படிகம், வடவள்ளி:

அம்மிணி, பிரிக்ஸ் மீட்டருக்குச் சுக்ரோஸ், குளுக்கோஸ் என்ற வித்தியாசம் தெரியாது. சாற்றில் கரைந்தது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். கரும்பு காய்ந்து தண்ணீர் குறைந்தால் எண் ஏறத்தான் செய்யும். அப்பாவிடம் இதை முதலில் சொல்லிவிடு, அவர் பார்த்ததில் தப்பில்லை.

இனி வடிவம். முதலில் தெளிவாகத் தெரிந்தது கரும்பில் அல்ல, புகையிலையில். அந்தப் புரதத்தின் படிக அமைப்பு 2004-இல் வெளியானது. சுமார் 150 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். நாலு கரும்புத் துண்டை நெருக்கிக் கட்டி நிறுத்தினால் எப்படி இருக்கும்? அதேதான், நான்கு சுருள்கள் சேர்ந்த ஒரு கட்டு. இதன் தொடக்க முனையில் கொண்டை ஊசி மாதிரி மடிந்த சிறு சுருள் ஜோடி ஒன்று தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் வேண்டாத வால் போலத் தெரியும், ஆனால் புரதம் குலையாமல் நிற்பதற்கு அதுதான் ஆதாரம். சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் நான்கு ஜோடி ஜோடியாகச் சேர்ந்து இரண்டு இடத்தில் கந்தகப் பாலம் போட்டு இறுக்குகின்றன. சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

எப்படி அடக்குகிறது என்பது 2010-இல் தெரிந்தது. புகையிலைப் புரதத்தை அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் செல்சுவர் இன்வெர்டேஸோடு சேர்த்தே படிகமாக்கி, 2.6 ஆங்ஸ்ட்ராம் அளவில், அதாவது கிட்டத்தட்ட அணு அளவு நுணுக்கத்தில், பார்த்தார்கள். இன்வெர்டேஸின் முக்கியப் பகுதி ஐந்து இதழ்க் காற்றாடி மாதிரி. நடுக்குழியில்தான் சுக்ரோஸ் வந்து உட்கார்ந்து உடைபடும். தடுப்புப் புரதம் அந்தக் குழிக்குள் புரோலின், லைசின், பினைல்அலனின் என்ற மூன்றே அமினோ அமிலம் கொண்ட துணுக்கை நுழைக்கிறது. சுக்ரோஸின் ஃபிரக்டோஸ் பாதி உட்காரும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். அந்தப் படத்தை முதல்முறை திரையில் சுழற்றிப் பார்த்த அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடே மறந்துபோனது.

உன் மூன்றாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இந்தப் பிடி பி.எச். (புளிப்பு அளவு) 4.5 பக்கத்தில்தான் உச்சத்தில் இருக்கும், அதைவிட்டு நகர்ந்தால் தளரும். அப்புறம், ஒரே இடத்துக்குச் சுக்ரோஸும் போட்டி போடுகிறது. முற்றிய கரும்பில் சுக்ரோஸ் எவ்வளவு இருக்கும் என்று உனக்கே தெரியும். அதனால் இதை நிரந்தரப் பூட்டு என்று நினைக்காதே. உயிரோடு இருக்கிற செடியில் எங்கே எவ்வளவு சர்க்கரை போக வேண்டும் என்பதை அளந்துவிடுகிற மடை என்று வைத்துக்கொள். வெட்டிய பிறகு அந்த அளவெல்லாம் கலைந்துவிடுகிறது. போதாததற்கு வெட்டுவாய் வழியாக நுண்ணுயிர்கள் நுழைகின்றன. அவற்றில் ஒன்றான ஈஸ்டின் இன்வெர்டேஸை இந்தப் புரதம் தொடவே தொடாது.

கரும்பின் சொந்தத் தடுப்புப் புரதத்தைப் பற்றிய ஆய்வும் 2018-இல் வந்திருக்கிறது. நம் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவன விஞ்ஞானிக்கும் அதில் பங்கு உண்டு. தேடிப் படி.

பழைய ஆலைக்காரன், சிவகிரி:

கண்ணு, புரதம் எல்லாம் எனக்குத் தெரியாது. நாப்பது வருசம் கொப்பரை முன்னால் நின்றவன் சொல்கிறேன். வெட்டின கரும்பு மறுநாள் பொழுது சாய்வதற்குள் அரவைக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் வெயிலில் கிடக்க விடாதே. நிழலில் அடுக்கி, சோகையை மூடி, இரண்டு வேளை தண்ணீர் தெளித்துவிடு. அதுவும் ஒரு நாளைக்குத்தான் தாங்கும், நாலு நாளைக்குத் தாங்காது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்ட பிறகு ஆளை வெட்டுக்கு விடுங்கள் என்று அப்பாவிடம் சொல்.

ஆலைவீட்டுப் பெண்:

ரொம்ப நன்றிங்க அக்கா, ஐயா. இன்னும் ஒன்று. அந்தப் புரதத்தைத் தனியாகத் தயாரித்துச் சாற்றில் கலந்தால் பலன் இருக்குமா?

படிகம்:

இருக்காது அம்மிணி. சாறு கொதிக்க ஆரம்பித்தால் நொதி தானாகச் செத்துவிடும். உன் சர்க்கரை அதற்கு முன்பே, கரும்புக்குள்ளேயே உடைந்துவிட்டது. உடைந்ததை எந்தப் புரதமும் ஒட்டவைக்காது. கொப்பரையில் நடக்கிற உடைவு வேறு, அது புளிப்பும் சூடும் சேர்ந்து செய்வது. அதற்குத்தான் அளவாகச் சுண்ணாம்பு விடுகிறோம்.

உன் படிப்புக்கு ஒரு வேலை சொல்கிறேன். வருகிற அரவையில் பத்துக் கரும்பை ஒதுக்கி வைத்து, தினமும் இரண்டை எடுத்துச் சாற்றைப் பெனடிக்ட் கரைசலில் சுட வைத்துப் பார். சுக்ரோஸ் நிறம் மாற்றாது, உடைந்த சர்க்கரை செங்கல் நிறம் காட்டும். அடிக்கரும்பு, நடு, நுனி மூன்றையும் தனித்தனியாகப் பிழி. நுனியில் முதல் நாளே நிறம் வரும், பயப்படாதே, இளங்கணுவில் குளுக்கோஸ் எப்போதும் அதிகம். அடிக்கரும்பு எந்த நாளில் சிவக்கிறது என்று எனக்கு எழுது.