ஐந்து தலைமுறைப் பட்டாளத்தார்: எல்லோர் பெயரையும் ஒரே கல்லில் பொறிக்கலாமா?

கேள்வி: பட்டாளத்தார் வீட்டுப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் கல்லலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் ‘பட்டாளத்தார் வீடு’ என்றுதான் வழி காட்டுவார்கள். வருகிற தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்து, பங்காளிகள் எல்லோரும் கூடிப் பொங்கலிட இருக்கிறோம். படையில் பணியாற்றிய எங்கள் முன்னோரின் பெயர்களைக் கல்லில் வெட்டி, அப்போது திண்ணைச் சுவரில் பதிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

என் பூட்டையா முதல் உலகப்போரில் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற படைப் பொறியாளர் பிரிவோடு மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) போய், 1917-இல் அங்கேயே உயிர்விட்டார். அவருடைய இரண்டு ஆண்மக்களில் மூத்தவர் மலாயாவுக்குக் கப்பலேறி, ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டித்தொழில் செய்பவர்கள் தங்கும் கடைவீடு) சமையல் வேலை பார்த்துவந்து, 1943-இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார், அவரும் திரும்பவில்லை. இளையவரான என் ஐயா (அப்பாவின் அப்பா), தகப்பனார் இருந்த அதே சேப்பர்ஸ் படையில் சேர்ந்து பர்மாப் போர்முனையில் பாலம் கட்டினார். அண்ணனும் தம்பியும் எதிரெதிர்ப் படைகளில் இருந்தார்கள். என் அப்பா 1971 போரில் பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடிகளை அகற்றி டாங்கிகளுக்கு வழி திறந்த 9 என்ஜினீயர் ரெஜிமென்டில் இருந்தார். தம்பி மதராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக ஓய்வுபெற்றான். அவன் மகள் இப்போது ராணுவச் செவிலியர் பணியில் இருக்கிறாள்.

எங்களிடம் எஞ்சியுள்ள பொருள்கள் குறைவு. பூட்டையா இறந்த பிறகு அரசாங்கம் அனுப்பிய வெண்கல வட்டு ஒன்று உள்ளங்கை அகலத்தில் இருக்கிறது. அதில் சூலம் ஏந்திய ஒரு பெண்ணுருவமும் சிங்கமும் உண்டு. ஒரு சிறு கட்டத்துக்குள் அவர் பெயர் ஆங்கிலத்தில் புடைப்பெழுத்தாக இருக்கிறது. பதவியும் படைப்பிரிவும் அதில் இல்லை. அப்பத்தா அதை வெகுகாலம் நெய்ச்செம்புக்கு மூடியாக வைத்திருந்ததால், ஒரு பக்கம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. ஐயாவின் டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய படை எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டுமே தெரிகின்றன. அவருடைய ஒரே படத்தைப் புதுப்பிக்கக் கொடுத்த ஸ்டுடியோவில், வண்ணம் தீட்டுகிறோம் என்று தொப்பியில் இருந்த சின்னத்தையே மறைத்துவிட்டார்கள். நல்லவேளையாக அசல் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு இரண்டு உதவிகள் வேண்டும். முழு எண் இல்லாமல் ஐயாவின் படைப்பணி விவரத்தைப் பெற வழி உண்டா? அடுத்தது, இதைவிடக் கடினமானது. “மருது பாண்டியரைத் தூக்கிலிட்டவர்களின் படையில் ஊழியம் செய்ததை, அவர்கள் மண்ணிலேயே கல்வெட்டாக்குவதா? உன் அப்பா பெயரையும் மலாயாவுக்குப் போன பெரியவர் பெயரையும் மட்டும் வெட்டு” என்கிறார் சித்தப்பா. ஐயா பெற்ற பிள்ளையே இப்படிச் சொல்லும்போது எனக்கு மறுமொழி வரவில்லை.

பதில் 1: முன்னாள் சுபேதார், தேவகோட்டை

வணக்கம் அம்மா. நானும் சேப்பர்ஸ் படைக்காரன் என்பதால் உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். முதலில் பூட்டையாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு உலகப்போர்களிலும் இறந்தவர்களின் விவரங்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரையும், 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரையும் இறந்தவர்கள் அதில் அடங்குவர். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும். ‘சிவகங்கை’ என்று தேடி ஏமாந்துவிடாதீர்கள். நம் மாவட்டம் பிறந்தது 1985-இல்தான். பழைய ஏடுகளில் ‘ராம்நாட்’ அல்லது ‘மதுரா’ என்றே இருக்கும். ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணி, நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவிடத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் அங்குள்ள சுவர்களில் இந்தியப் படையின் அதிகாரிகளுக்குத்தான் பெயர் வெட்டினார்கள். சாதாரணச் சிப்பாய்களை, இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக மட்டுமே குறித்தார்கள். இந்த வேறுபாட்டை அந்த ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆக, உங்கள் பூட்டையாவின் பெயர் கல்லில் ஏறப்போவது அநேகமாக உங்கள் திண்ணையில்தான். அந்த வெண்கல வட்டில் பதவி இல்லாதது பிழையன்று. இறந்தவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு கூடாது என்றே பதவியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வார்த்தார்கள். தயவுசெய்து அதைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள்.

ஐயாவைப் பொறுத்தவரை, பெங்களூருவில் உள்ள மெட்ராஸ் என்ஜினீயர் குரூப்பின் (சேப்பர்ஸ் படையின் அலுவல் பெயர் இதுதான்) ஆவணப் பிரிவுக்கு எழுத வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு ஆகியவற்றோடு முழு எண்ணும் இருந்தால் தேடுவது எளிது. சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகவும் கேட்டுப் பார்க்கலாம். அவர் காலாட்படைக்குப் போகாமல் சேப்பர்ஸுக்குப் போனதில் வியப்பில்லை. 1920-களில் மெட்ராஸ் காலாட்படைப் பட்டாலியன்களைக் கலைத்துவிட்டார்கள்; இரண்டாம் உலகப்போரின்போதுதான் மறுபடி எழுப்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த பெரிய வாசல் சேப்பர்ஸ்.

திறப்பு நாளில் கல்லை மூவர்ணக் கொடியால் மூடிவைக்காதீர்கள். அன்பால் பலர் செய்கிறார்கள். ஆனால் நினைவுச்சின்னத்தைத் தேசியக் கொடியால் மூடுவது சட்டப்படி குற்றம். வெள்ளை வேட்டி ஒன்று போதும். அப்பாவின் பதக்கங்களை யாராவது அணிவதானால் வலப்பக்கம் அணியட்டும். இடப்பக்கம் சொந்தப் பதக்கத்துக்கு உரியது. உங்கள் தம்பி மகள் இப்போது எங்கே பணியில் இருக்கிறாள் என்பதைக் கல்லிலும் இணையத்திலும் குறிப்பிட வேண்டாம்.

பதில் 2: தமிழாசிரியை, ஒக்கூர்

சகோதரி, உங்கள் சித்தப்பாவின் மனக்குறையைப் புறந்தள்ள என்னால் முடியவில்லை. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட செய்தியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் நாம் எல்லோரும். ஆனாலும் உங்கள் பூட்டையாவையும் ஐயாவையும் கல்லிலிருந்து விலக்குவதை நான் ஏற்கமாட்டேன். மழை பொய்த்தால் கண்மாய் வறண்டுவிடும் இந்த மானாவாரிச் சீமையில், வீட்டுக்கு மாதாமாதம் பணம் வர வேண்டும் என்று இளைஞர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். எந்தக் கொடியின்கீழ் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்கவில்லை. அது வேறு, பீரங்கியோடு வந்து சீமையைப் பிடித்தவர்களின் செயல் வேறு. பெரியவர் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தபோது தேர்ந்தெடுத்தார். அவருக்குரிய பெருமை அவருக்கு. அந்தப் பெருமையைக் காட்டுவதற்காகத் தம்பியை மறைக்க வேண்டியதில்லை.

எனவே யார் எந்தப் படையில் இருந்தாரோ அந்தப் படையின் பெயரை அப்படியே வெட்டுங்கள். ‘நாட்டுக்காக உழைத்தவர்கள்’ என்று பொதுவாக எழுதிப் பூசி மெழுகினால், நூறு ஆண்டு கழித்துப் படிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. பிறந்த வரிசையில் வெட்டினால் அண்ணனும் தம்பியும் தாமாகவே அடுத்தடுத்து வந்து நிற்பார்கள். சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்துக்கு 1945-இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் அந்த ஆண்டே தகர்த்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து அதே இடத்தில் ஒரு குறிப்புக் கல் வைக்கப்பட்டது. பெயரை அழிப்பது அவர்கள் செய்த வேலை. நம் வீட்டுக்குள் நாமும் அதைச் செய்ய வேண்டாம்.

எங்கள் ஊர்ப் புலவர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாட்டு (279) உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்னாள் போரில் தன் ஐயனையும், நேற்றைய போரில் கணவனையும் இழந்த ஒருத்தி, இன்று பறையொலி கேட்டதும் ஒரே மகனின் குடுமியில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். மூன்று தலைமுறை ஆண்கள் வருகிற அந்தப் பாட்டின் நடுவில் நிற்பவள் அவள்தான். உங்கள் பட்டியலில் பூட்டையாவின் மனைவி எங்கே? கணவரை மெசபடோமியாவிலும் மூத்த மகனை மலாயாவிலும் இழந்து, இளைய மகனைப் பர்மாவுக்கு அனுப்பியவர் அவர். அவருக்கும் அப்பத்தாவுக்கும் கல்லில் இடம் வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பதில் 3: கானாடுகாத்தான் வாசகர்

முதல் உலகப்போர் முடிந்ததும் பல ஊர்களில் அரசாங்கம் பதித்த பளிங்குப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். ‘இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள்’ என்பதோடு முடிந்துவிடும். யார் என்று இராது. ஆசிரியை சொன்னபடி ஒவ்வொரு பெயரையும் வெட்டுங்கள். கருங்கல்லில் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள்; பெயின்டால் எழுதியது என்ன ஆகும் என்பதை உங்கள் டிரங்குப் பெட்டியே காட்டுகிறது.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை கேட்டது மனத்தைத் தைத்ததால், ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு போய், அப்பத்தாவின் அலமாரியை முதல்முறையாக முழுதும் இறக்கிப் பார்த்தோம். புடவைகளுக்கு அடியில், வளைத்த கம்பி ஒன்றில் குத்திய மணியார்டர் துண்டுகள் ஒரு கட்டாக இருந்தன. 1944, 1945 ஆண்டுகளில் ஐயா போர்முனையிலிருந்து பணம் அனுப்பியபோது வந்தவை அவை. அனுப்புநர் இடத்தில் அவருடைய முழுப் படை எண் இருக்கிறது. கடைசி மூன்று இலக்கங்கள் பெட்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றன. பெங்களூருவுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன்.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஐயா பென்சிலில் இரண்டு வரி எழுதியிருக்கிறார். மழை, மாடு, கடன் என்று விசாரிப்பவற்றுக்கு நடுவே, நான்கு துண்டுகளில் ஒரே கேள்வி இருக்கிறது: “மலாயாவிலிருந்து அண்ணனின் காகிதம் ஏதும் வந்ததா?”

சித்தப்பா அந்த நான்கையும் கம்பியிலிருந்து கழற்றி, நெடுநேரம் கையில் வைத்திருந்தார். கல்தச்சரிடம் எட்டுப் பெயர்களுக்கு அளவு கொடுத்தாயிற்று.