தியரிட்டிகல் ஃபிரேம்வொர்க்: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திருச்சியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி ஆய்வு மாணவர்களுக்காகச் சமூகவியல் ஆய்வுமுறைக் கையேடு ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறோம். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். மூன்றாம் இயலின் தலைப்பு மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. தியரிட்டிகல் ஃபிரேம்வொர்க்குக்கு, அதாவது ஓர் ஆய்வு எந்தக் கோட்பாட்டின் வழியே தன் பொருளைப் பார்க்கிறது என்று சொல்லும் பகுதிக்கு, ஆளுக்கொரு சொல் போட்டிருக்கிறார்கள்: கோட்பாட்டுப் பின்புலம், கோட்பாட்டுக் கட்டமைப்பு, கோட்பாட்டுச் சட்டகம்.

'பின்புலம்' எனக்கு ஆகவே ஆகாது. அப்படிச் சொன்னால் மாணவர்கள் அதைப் பின்னாலேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு பிறந்தது, படித்தது, எழுதியது எல்லாம் வரும். தரவுப் பகுதிக்கு வந்தால் ஆளைக் காணோம்; விழுக்காட்டு அட்டவணைகள்தான். முதல் தலைமுறைப் பட்டதாரிகளைப் பற்றிய ஆய்வு என்றால், பூர்தியு கேள்விப் பட்டியலிலேயே இருக்க வேண்டாமா? பண்பாட்டு மூலதனத்துக்கு, அதாவது படிப்பு, பழக்கம், புத்தகம் என்று குடும்பம் வழி வந்து வாழ்வில் கைகொடுக்கும் சொத்துக்கு, மூன்று நிலை சொல்கிறார் அவர்: உடம்போடு ஊறியது, பொருளாக இருப்பது, நிறுவனம் சான்றளிப்பது. 'வீட்டில் புத்தக அலமாரி உண்டா' என்று கேட்டால் இரண்டாவது கிடைக்கும். 'சந்தேகம் கேட்க ஆசிரியர் அறைக்குள் போவீர்களா, வாசல் வரை போய்த் திரும்பிவிடுவீர்களா' என்று கேட்டால்தான் முதலாவது கிடைக்கும். இப்படி ஒரு கேள்வியைக் கோட்பாடு இல்லாமல் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். இந்த வேலை தெரிகிற மாதிரி ஒரு சொல் கொடுங்கள்.

நெல்லையிலிருந்து:

அம்மா, முதலில் கோட்பாட்டைப் பிரித்துவிடுவோம். கொள் நீண்டால் கோள். கோள் + பாடு, ளகரம் டகரமாகிக் கோட்பாடு. கொள்ளப்படுவது என்று பொருள். கருதுகோள், எடுகோள், மேற்கோள், குறிக்கோள் எல்லாவற்றிலும் இருப்பது இதே கோள்தான். வானத்துக் கோளையும் இதே வேரில்தான் சேர்ப்பார்கள். கோள்மூட்டுகிறவனின் கோளைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம், எழுதுவேன். இப்போதைக்கு என் பரிந்துரை: கோட்புலம். ஒரே சொல், ஐந்தே எழுத்து.

மட்டக்களப்பிலிருந்து:

> கோட்புலம். ஒரே சொல்

ஐயா, கோட்புலம் என்று தலைப்பிட்டால் வானியல் படிக்கிற பிள்ளைதான் புத்தகத்தை வாங்கும்.

எங்கள் பக்கம் 'சட்டகம்' பழகிப்போய்விட்டது. கட்டமைப்பை நான் ஒதுக்கக் காரணம் உண்டு. ஸ்ட்ரக்சருக்கு அமைப்பு போய்விட்டது, அமைப்பியல் என்று தனிச் சிந்தனை மரபே இருக்கிறது, மார்க்சியர்களுக்கு மேற்கட்டுமானம் வேறு. 'சமூகக் கட்டமைப்பை விளக்கும் கோட்பாட்டுக் கட்டமைப்பு' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கன்செப்சுவல் ஃபிரேம்வொர்க்கும் இதே இயலில் வரும்தானே? அதை நாங்கள் எண்ணக்கருச் சட்டகம் என்போம், நீங்கள் கருத்தாக்கம் என்பீர்கள். தியரிட்டிகல் என்பது பிறர் நிறுவியதை எடுத்துக்கொள்வது. கன்செப்சுவல் என்பது நம் ஆய்வில் எது எதோடு தொடர்புபடுகிறது என்று நாமே வரைந்து காட்டுவது. இரண்டிலும் சட்டகம் நின்றால் முன்சொல்லை மட்டும் மாற்றிப் பாடம் நடத்தலாம்.

மதுரையிலிருந்து:

சட்டகமா! பழைய பொருளைப் பார்த்தீர்களா? படுக்கை, உடல், பிணம் என்றெல்லாம் அகராதி சொல்கிறது. பூர்தியுவை மாணவர்கள் உயிரில்லாமல் கிடத்தியிருக்கிறார்கள் என்றுதான் திருச்சி அம்மா குறைப்படுகிறார். அதற்கு நாமே பெயர் சூட்டித் தர வேண்டுமா?

நம்மிடம் அசல் சொல் இருக்கிறது: கொளு. புறப்பொருள் இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துறைக்கும் முதலில் கொளு வரும், அந்தத் துறை இன்னதென்று சொல்லும். அப்புறம் வெண்பா, அதைக் காட்டும். கோட்பாடும் தரவும் இப்படித்தானே நிற்க வேண்டும்? நெல்லை அண்ணாச்சியின் வேரும் இதில் அப்படியே இருக்கிறது. 'ஆய்வுக்கொளு' என்று போடுங்கள்.

திருச்சியிலிருந்து:

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் பாதிப் பேர் 'கொழு' என்று எழுதிக்கொள்வார்கள். நாளை மறுநாள் திங்கட்கிழமை.

நெல்லையிலிருந்து:

கொழு என்றே வைத்தால்தான் என்ன? ஏரில் மண்ணைக் கீறுவது கொழுதானே. கோட்பாடு தரவைக் கீறுகிறது!

சென்னையிலிருந்து:

நான் ஆய்வு மாணவி, இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சட்டகமோ கொளுவோ, இரண்டும் கோட்பாடு முதலில் வந்து நிற்கும் என்று வைத்துக்கொள்கின்றன. சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராசும் 1967-இல் முன்வைத்த கிரவுண்டட் தியரி அதற்கு நேர்மாறு: தரவிலிருந்துதான் கோட்பாடு எழ வேண்டும். அந்த முறையில் எழுதிய தோழியிடம் நேர்காணலில் 'உங்கள் ஃபிரேம்வொர்க் எங்கே?' என்று விடாமல் கேட்டார்கள். எந்தச் சொல்லைப் போட்டாலும், இது எல்லா ஆய்வுக்கும் கட்டாயமில்லை என்று ஒரு பத்தி சேருங்கள். மற்றபடி நாங்கள் பேசும்போது ஃபிரேம்வொர்க் என்றுதான் சொல்கிறோம், சொல்லப்போகிறோம்.

மதுரையிலிருந்து:

தங்கை சொல்வதை நம் இலக்கண நூலான நன்னூல் முன்பே யோசித்திருக்கிறது. எழுவகை மதத்தைப் பாருங்கள்; மதம் என்றால் அங்கே கொள்கை, நூலாசிரியர் எடுக்கும் நிலைப்பாடு. உடன்படல், மறுத்தல் உண்டு. பிறர் மதத்தை மேற்கொண்டு களைவது உண்டு. தானே ஒன்றை நாட்டி நிறுவுவதும் உண்டு. கிளேசர் கடைசியாகச் சொன்னதில் அடங்கிவிடுவார். நம் மாணவர்களுக்கு உடன்படல் ஒன்றுதான் தெரிகிறது. பூர்தியு பிரான்சை வைத்துச் சொன்னது. இங்கே சாதி குறுக்கே வருகிறது. எங்கே பொருந்தவில்லை என்று எழுதினால் அதுவும் கோட்பாட்டைப் பயன்படுத்தியதுதான். ஆகவே 'மதம்' என்ற சொல்லையே...

மட்டக்களப்பிலிருந்து:

வேண்டாம் ஐயா. 'இந்த ஆய்வின் மதம் யாது' என்று கேட்டால் ஊரே திரண்டுவரும்.

திருச்சியிலிருந்து:

சரி, முடித்துக்கொள்கிறேன். கோட்பாட்டுச் சட்டகம், கருத்தாக்கச் சட்டகம் என்று போகிறது. சொல்லடைவில் எண்ணக்கருவும் இருக்கும். சென்னை கேட்ட பத்தியைச் சேர்த்துவிட்டேன். பொருந்தாத இடத்தை எழுதச் சொல்லும் பயிற்சி ஒன்றும் வைத்திருக்கிறேன், அது மதுரை ஐயாவின் உபயம். கொளுவுக்கு இந்தப் பதிப்பில் இடமில்லை.

மதுரையிலிருந்து:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அத்துடன், 'மூலதனம்' எதற்கு? முதல் என்ற தமிழ்ச் சொல் இருக்கிறதே. பண்பாட்டு முதல்.

நெல்லையிலிருந்து:

முதல் என்றால் அகப்பொருள் இலக்கணத்தில் நிலத்தையும் பொழுதையும் குறிக்கும் முதற்பொருளோடு குழம்பும். விரிவாக எழுதுகிறேன், இரவு வரை பொறுங்கள்.